கைப்பேசி நினைவூட்டல்: ஒலித்தது வேறு, உட்கொண்டது வேறு

நீண்டகாலச் சிகிச்சையில் இருப்போரின் வீடுகளில் மருந்துப் பெட்டிக்கு அடுத்தபடியாக இன்று முக்கிய இடம் பெற்றிருப்பது கைப்பேசி. மருந்து வேளை, இரத்தப் பரிசோதனை நாள், மருத்துவரை அடுத்துச் சந்திக்கும் நாள், டயாலிசிஸ் முறை ஆகிய அனைத்தும் அதன் நாட்காட்டியிலோ நினைவூட்டல் செயலியிலோ பதியப்படுகின்றன. பெரும்பாலும் மகனோ மகளோ மருமகளோ பேரப்பிள்ளையோ அவற்றைப் பதிந்து தருகிறார்கள். இது வரவேற்கத்தக்க பழக்கம். வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோயாளிகளுள் சராசரியாக 50 விழுக்காட்டினர்தாம் பரிந்துரைத்தபடி மருந்து உட்கொள்கின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2003ஆம் ஆண்டு அறிக்கையில் குறிப்பிட்டது. மறதி ஒன்றே அதற்குக் காரணம் எனக் கூற இயலாது. ஆயினும் முக்கியக் காரணங்களுள் அதுவும் ஒன்று.

புறநோயாளர் பிரிவில் நாங்கள் அடிக்கடி கேட்கும் ஒரு விடை உண்டு. "அலாரம் அடிச்சுது டாக்டர். மாத்திரை போட்டேனா இல்லையான்னுதான் ஞாபகம் இல்ல." இச்சிறு வாக்கியத்துக்குள் பெரிய இடர் ஒன்று ஒளிந்திருக்கிறது. போடவில்லை என்று எண்ணி இன்சுலினை இருமுறை செலுத்திக்கொண்டால் சர்க்கரை அளவு அபாயகரமாகத் தாழும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை இருமுறை உட்கொண்டால் இரத்தக்கசிவு ஏற்படலாம். போட்டுவிட்டோம் என்று எண்ணி அதையே விட்டுவிட்டால், செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவருக்கு இரத்தக்கட்டி உருவாகலாம்.

இக்குழப்பத்துக்கு முதுமையையோ கவனக்குறைவையோ மட்டும் காரணமாகச் சொல்வது முறையாகாது. கைப்பேசியின் நாட்காட்டியும் நினைவூட்டல் செயலிகளும் வடிவமைக்கப்பட்ட விதத்திலும் காரணம் இருக்கிறது. எந்தப் பொத்தானை எங்கே வைப்பது, எது தானாகத் தெரிவாகி நிற்பது, பதில் கிடைக்காதபோது என்ன செய்வது என்பவற்றை யாரோ ஒரு வடிவமைப்பாளர் எப்போதோ முடிவு செய்திருக்கிறார். அவர் முடிவு செய்தபோது அவர் மனக்கண்ணில் நின்றவர் பெரும்பாலும் அலுவலக ஊழியரே, நோயாளி அல்லர். அம்முடிவுகளைப் புரிந்துகொண்டால் அச்செயலிகளை நம் தேவைக்கு ஏற்பப் பழக்கிக்கொள்ள இயலும். அதற்கு உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அலுவலகத்தில் பிறந்த நாட்காட்டி

பத்து மணிக்குக் கூட்டம் என்றால் அது பத்து மணிக்கு நடக்கும். நாம் போகாவிட்டாலும் நடந்து முடியும். கணினி நாட்காட்டியின் அடிப்படை எண்ணம் இதுவே. நேரம் கடந்தால் நிகழ்வும் கடந்தது என்று அது கொள்கிறது.

வெவ்வேறு நிறுவனங்களின் நாட்காட்டிகள் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்வதற்காக 'ஐகேலண்டர்' என்னும் பொதுத் தரமுறை 1998இல் வெளியாயிற்று, 2009இல் திருத்தப்பட்டது. இன்று நம் கைப்பேசிகளில் உள்ள நாட்காட்டிகள் பலவும் இதைப் பின்பற்றுகின்றன. அத்தரமுறை 'நிகழ்வு' என்றும் 'பணி' என்றும் இரண்டைப் பிரித்து வைக்கிறது. நிகழ்வுக்கு மூன்று நிலைகளே உண்டு: உத்தேசமானது, உறுதியானது, கைவிடப்பட்டது. 'முடிந்தது' என்னும் நிலை நிகழ்வுக்குக் கிடையாது. அது பணிக்கு மட்டுமே உரியது.

இது பொறியாளர்கள் மட்டும் அறிந்திருந்தால் போதும் என்று தோன்றலாம். ஆனால் நோயாளியின் வீட்டில் இதன் விளைவு நேரடியானது. இரவு 8 மணி மாத்திரையை நாட்காட்டியில் ஒரு நிகழ்வாகப் பதிந்தால், போட்ட நாளும் போடாத நாளும் திரையில் ஒன்றுபோலவே தோன்றும். கடந்த வாரத்தைத் திருப்பிப் பார்த்தால் ஒரே நிறத்தில் ஏழு கட்டங்கள் இருக்கும். அவற்றுள் எந்த நாள் விடுபட்டது என்பதை அந்த நாட்காட்டி அறியாது. அறிய அதற்கு வழியும் அமைக்கப்படவில்லை.

ஆகவே முதல் விதி எளியது. நமக்காகக் காத்திராமல் குறித்த வேளையில் நடைபெறுவனவற்றை நிகழ்வாகப் பதியுங்கள்: மருத்துவரைச் சந்திக்கும் நேரம், ஸ்கேன் எடுக்கும் நாள், டயாலிசிஸ் முறை ஆகியவை இவ்வகை. நாம் செய்தால் மட்டுமே நடப்பவற்றைப் பணியாகப் பதியுங்கள்: மாத்திரை, ஊசி, சர்க்கரை அளவு பார்த்தல், புண்ணுக்குக் கட்டு மாற்றுதல் ஆகியவை இவ்வகை. பணிக்கு அருகில் தொட்டுக் குறியிடும் சிறு வட்டமோ கட்டமோ இருக்கும். மாத்திரையை விழுங்கிய பிறகே அதைத் தொட வேண்டும் என்பதை வீட்டில் ஒரு வழக்கமாக்குங்கள்.

பால் கணக்கும் மாத்திரைக் கணக்கும்

நம் வீடுகளின் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரை எண்ணிப் பாருங்கள். பால் வராத நாளின் கட்டத்தில் ஒரு குறி இருக்கும். எரிவாயு உருளை மாற்றிய நாளில் ஒரு சிறு குறிப்பு இருக்கும். மாத இறுதியில் பால்காரரிடம் கணக்குத் தீர்ப்பது அக்குறிகளைக் கொண்டுதான். வரவிருப்பதை நினைவூட்டுவதோடு, நடந்ததைப் பதிந்து வைக்கும் ஏடாகவும் அது பயன்படுகிறது. கைப்பேசி நாட்காட்டி முதற்பணியைத் திறம்படச் செய்கிறது. இரண்டாவதில் பல வேளைகளில் தவறிவிடுகிறது. நோயாளிக்கு இரண்டும் தேவை.

இத்தேவையை அழகாகத் தீர்த்த ஒரு வடிவமைப்பு மருத்துவ வரலாற்றில் உண்டு. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கருத்தடை மாத்திரைகள் சாதாரணக் குப்பியில் விற்கப்பட்டன. இன்றைய மாத்திரை போடப்பட்டதா என்னும் ஐயம் வீடுகளில் எழுந்தவண்ணம் இருந்தது. டேவிட் வாக்னர் என்னும் பொறியாளர் தம் மனைவிக்காக ஒரு தாளில் கிழமைகளை எழுதி, ஒவ்வொரு கிழமையின் மீதும் ஒரு மாத்திரையை வைத்தார். மாத்திரை இருந்தால் போடவில்லை, இல்லையென்றால் போட்டாயிற்று. தாளிலிருந்து மாத்திரைகள் சிதறிப்போகவே, நாட்களைக் காட்டும் வட்ட வடிவப் பெட்டி ஒன்றை உருவாக்கினார். அதற்கு 1964இல் காப்புரிமை கிடைத்தது. இன்று மருந்தகங்களில் நாம் காணும், கிழமை அச்சிட்ட மாத்திரை அட்டைகளுக்கு அது ஒரு முன்னோடி.

அப்பெட்டியில் ஒலி இல்லை, திரையும் இல்லை. ஆயினும் 'போட்டேனா?' என்னும் கேள்விக்கு அது பொய் சொல்லாமல் விடை கூறும். எனவே கிழமைவாரியாகப் பிரிக்கப்பட்ட மாத்திரைப் பெட்டியைக் கைப்பேசியோடு சேர்த்துப் பயன்படுத்துமாறு பரிந்துரைக்கிறோம். எப்போது என்பதைக் கைப்பேசி சொல்லட்டும். போட்டாயிற்றா என்பதைப் பெட்டி சொல்லட்டும். அட்டையிலிருந்தோ குப்பியிலிருந்தோ வெளியே எடுத்து வைக்கக்கூடாத மருந்துகளும் சில உண்டு. பெட்டியை நிரப்பும் முன் மருந்தாளுநரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்துக்கெனவே அமைந்த செயலிகள் இத்திசையில் சற்று முன்னேறியுள்ளன. ஆப்பிள் நிறுவனம் 2022இல் ஐபோனின் உடல்நலச் செயலியில் மருந்துப் பகுதியைச் சேர்த்தபோது, 'உட்கொண்டேன்', 'தவிர்த்தேன்' என்னும் இரு விடைகளை வைத்தது. அடுத்த ஆண்டு, 30 நிமிடத்துக்குள் விடை பதியப்படாவிட்டால் மீண்டும் நினைவூட்டும் வசதியையும் தந்தது. வேண்டுமென்றே தவிர்த்தலும் மறந்து விடுதலும் மருத்துவருக்கு வெவ்வேறு செய்திகள். வாந்தி வந்ததால் மாத்திரையைத் தவிர்த்தவருக்கு மருந்தை மாற்றித் தர வேண்டியிருக்கும். மறந்தவருக்கு வேளையை மாற்றித் தந்தாலே போதுமானதாக இருக்கலாம். உங்கள் செயலியில் இவ்விரண்டையும் தனித்தனியே குறிக்க இடம் இருந்தால் தவறாமல் பயன்படுத்துங்கள்.

நிலுவைப் பட்டியல் விரிக்கும் வலை

பணிப் பட்டியல் செயலிகளில் வேறொரு வகை இடர் உண்டு. முடிக்கப்படாத பணியை அவை மறப்பதில்லை. நேற்று எழுதாத கடிதம் இன்று சிவப்பு எழுத்தில் 'நிலுவை' என்று நிற்கும். அலுவலகத்துக்கு இது பொருத்தமானதே. நேற்றைய கடிதத்தை இன்று எழுதித்தான் ஆக வேண்டும்.

மருந்துக்கு இவ்விதி பொருந்தாது. நேற்றிரவு விடுபட்ட மாத்திரையை இன்றைய மாத்திரையோடு சேர்த்து விழுங்குவது பல மருந்துகளில் ஆபத்தானது. ஆனால் திரையில் இரண்டு சிவப்பு வரிகள் நின்றால், இரண்டையும் 'முடித்துவிட' வேண்டும் என்னும் உந்துதல் யாருக்கும் எழும். பொறுப்பானவர்களுக்கே அவ்வுந்துதல் மிகுதியாக எழும் என்பது இதில் கவலைக்குரியது.

பொதுவான விதி இதுதான்: விடுபட்ட வேளைக்கு ஈடாக அடுத்த வேளையில் இரட்டிப்பாக உட்கொள்ளக் கூடாது. வார்ஃபரினைப் பொறுத்தவரை, மறந்ததை அன்றைக்குள்ளேயே உணர்ந்தால் அன்றே உட்கொள்ளலாம். மறுநாள்தான் நினைவு வந்தால் விடுபட்டதை விட்டுவிட்டு வழக்கமான அளவை மட்டும் தொடர வேண்டும். விடுபட்ட நாளைக் குறித்து வைத்து அடுத்த பரிசோதனையின்போது சொல்ல வேண்டும். இன்சுலின் போட்டோமா என்னும் ஐயம் எழுந்தால் மீண்டும் செலுத்தாமல், சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு மருத்துவமனையை அழையுங்கள். ஒவ்வொரு மருந்துக்கும் இவ்விதி சற்றே மாறுபடும். ஆகவே மருந்து எழுதித் தரப்படும்போதே, "ஒருவேளை மறந்துவிட்டால் என்ன செய்வது?" என்று கேட்டு, அவ்விடையை அப்பணியின் குறிப்புப் பகுதியில் தமிழில் எழுதி வையுங்கள். மறந்த நாளில் அதுவே கைகொடுக்கும்.

'நாள்தோறும்' என்னும் தானியங்கித் தெரிவு

நாம் எதையும் தொடாதபோது திரையில் தானாகத் தெரிவாகி நிற்பது எது என்பதே வடிவமைப்பு முடிவுகளுள் மிகுந்த ஆற்றல் வாய்ந்தது. பெரும்பாலானோர் அதை மாற்றாமல் 'சேமி' என்பதைத் தொட்டுவிடுவர். மருந்து நினைவூட்டல் செயலிகள் பலவற்றில் அவ்வாறு நிற்பது 'நாள்தோறும்'.

ருமட்டாய்டு மூட்டழற்சிக்கும் சொரியாசிஸ் நோய்க்கும் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரே ஒரு நாள் உட்கொள்ள வேண்டியது. அதை நாள்தோறும் உட்கொண்டால் எலும்பு மச்சையின் இயக்கம் ஒடுங்கி, இரத்த அணுக்கள் குறைந்து, வாய்ப்புண்ணும் கடும் தொற்றும் ஏற்படும். இத்தவறினால் பல நாடுகளில் உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. அமெரிக்காவில் பாதுகாப்பான மருந்துப் பயன்பாட்டுக்காக இயங்கும் ஐஎஸ்எம்பி என்னும் அமைப்பு 2014இல் மருத்துவமனைகளுக்கு ஒரு பரிந்துரை அளித்தது. மருத்துவமனைக் கணினியில் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைத் தேர்ந்தெடுத்தவுடன் 'வாரம் ஒருமுறை' என்பதே தானாக நிற்க வேண்டும். யாரேனும் அதை 'நாள்தோறும்' என மாற்றினால், அதற்குரிய புற்றுநோய்க் காரணத்தை உறுதி செய்யாமல் கணினி மேலே செல்லவிடக் கூடாது என்பதே அப்பரிந்துரை. ஐரோப்பிய மருந்துகள் முகமையும் 2019இல், வாரம் ஒருமுறை என்பதை மருந்து உறையில் தெளிவாகக் காட்டவும், நோயாளிக்கு நினைவூட்டும் அட்டை வழங்கவும், குப்பிகளுக்கு மாற்றாக அட்டைகளில் மாத்திரைகளை அடைக்கவும் வழிவகுத்தது. இவற்றில் மருந்தின் வேதியியல் எதுவும் மாறவில்லை. திரையின் தெரிவும் உறையின் அமைப்பும் மட்டுமே மாறின.

மருத்துவமனைக் கணினியில் இத்தகைய தடுப்பு இருந்தாலும் உங்கள் கைப்பேசியில் அது இருக்காது. எனவே நீங்களே அதை அமைத்துக்கொள்ள வேண்டும். வார மருந்தைப் பதியும்போது கிழமையைப் பெயரிலேயே சேர்த்து எழுதுங்கள்: 'மெத்தோட்ரெக்சேட், ஞாயிறு மட்டும்' என்பது போல. பதிந்து முடித்தபின் அடுத்த இரண்டு வாரங்களைத் திரையில் நகர்த்திப் பாருங்கள். ஞாயிறுகளில் மட்டும் அது தோன்றினால் சரி. வாரம் ஒருமுறை வைட்டமின் டி, எலும்புத் தேய்வுக்கான வார மாத்திரை, கிழமைக்குக் கிழமை அளவு மாறும் வார்ஃபரின் ஆகியவற்றுக்கும் இதே முறை பொருந்தும்.

ஒரு மாதமும் நான்கு வாரமும் ஒன்றல்ல

பேச்சுவழக்கில் 'மாசம் ஒரு ஊசி' என்கிறோம். கணினிக்கு மாதம் வேறு, நான்கு வாரம் வேறு. நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு 13 ஊசி; மாதம் ஒருமுறை என்றால் 12. மருத்துவர் '28 நாளுக்கு ஒருமுறை' என எழுதியிருந்தால், '4 வாரத்துக்கு ஒருமுறை' என்றே பதியுங்கள். அப்போது கிழமையும் மாறாது.

31ஆம் தேதியன்று மாதந்தோறும் என்று பதிவது இன்னும் சிக்கலானது. நாம் மேலே கண்ட தரமுறையின்படி, இல்லாத தேதியை நாட்காட்டி கணக்கில் கொள்ளாமல் விட்டுவிட வேண்டும். அதன்படி 31 நாட்கள் கொண்ட ஏழு மாதங்களில் மட்டுமே நினைவூட்டல் வரும். ஏனைய ஐந்து மாதங்கள் ஓசையின்றிக் கடந்துபோகும். சில செயலிகள் அதை மாத இறுதி நாளுக்கு நகர்த்துகின்றன. எல்லாச் செயலிகளும் அவ்வாறு செய்வதில்லை. 1 முதல் 28 வரையிலான ஒரு தேதியைத் தேர்ந்துகொள்வதே பாதுகாப்பானது.

அடுத்த முறையை எதிலிருந்து எண்ணுவது என்பது மற்றொரு முடிவு. 21 நாளுக்கு ஒருமுறை கீமோதெரபி பெறுபவருக்கு வெள்ளணுக்கள் குறைந்திருந்தால் சிகிச்சை ஒரு வாரம் தள்ளிப்போகலாம். அப்போது அடுத்த முறை, மருந்து ஏற்றிய நாளிலிருந்து எண்ணப்படும். பெரும்பாலான நாட்காட்டிகளோ முதலில் குறித்த தேதியிலிருந்தே எண்ணிக்கொண்டு செல்லும். டூடுயிஸ்ட் என்னும் பணிச் செயலியில் ஒரேயோர் ஆச்சரியக்குறி இதைத் தீர்மானிக்கிறது. 'எவ்ரி' என்னும் ஆங்கிலச் சொல்லை மட்டும் இட்டால் குறித்த தேதியிலிருந்தும், அச்சொல்லின் பின் ஆச்சரியக்குறி இட்டால் முடித்த தேதியிலிருந்தும் அடுத்த முறை கணக்கிடப்படும். இத்தகைய நுணுக்கங்களை நினைவில் கொள்வது கடினம். சிகிச்சை தள்ளிப்போன நாளிலேயே பழைய தொடரை முழுவதும் நீக்கிவிட்டுப் புதிய தேதியிலிருந்து பதிந்துகொள்வது எளிது.

கடல் கடந்த பிள்ளைகளும் கடிகாரமும்

சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் பிள்ளைகள், ஊரில் உள்ள பெற்றோரின் மருத்துவ நாட்களைப் பகிர்வு நாட்காட்டியில் பதிவது இன்று பரவலாகிவிட்டது. தொலைவில் இருந்தும் கவனித்துக்கொள்ள இது நல்ல வழி. ஆனால் பதிபவரின் ஊர் நேரத்தையே நாட்காட்டி பொதுவாக எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னே செல்கிறது. மகள் அங்கிருந்து 'காலை 10 மணி' என்று பதிந்தால், மதுரையில் அம்மாவின் கைப்பேசியில் அது 7.30 மணி என்று தோன்றும். துபாயிலிருந்து மகன் பதிந்தால் 11.30 எனத் தோன்றும். 10 மணிக்குரிய சந்திப்பு அதற்குள் கடந்திருக்கும். பதியும்போது நேர மண்டலம் என்னும் பகுதியில் இந்திய நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் அது பெரும்பாலும் 'கொல்கத்தா' என்னும் பெயரில் இருக்கும்.

பெற்றோர் பிள்ளைகளிடம் பயணம் செல்லும்போது இதன் மறுபக்கம் வெளிப்படும். நாட்காட்டியில் இந்திய நேரம் இரவு 8 மணிக்கு உள்ள பதிவு சிங்கப்பூரில் 10.30க்கு ஒலிக்கும், கடிகாரச் செயலியின் அலாரமோ அவ்வூர் 8 மணிக்கே ஒலிக்கும். மருந்து இடைவெளி மிக முக்கியமானோர், குறிப்பாகச் சிறுநீரக மாற்று அறுவைக்குப் பின் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்ரோலிமஸ் உட்கொள்வோரும் வலிப்பு நோய்க்கு மருந்து உட்கொள்வோரும், எந்த நேரத்தைப் பின்பற்றுவது என்பதைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இங்கே இரண்டு சிறு எச்சரிக்கைகள். கைப்பேசியில் 12 ஏஎம் என்பது நள்ளிரவு. நண்பகல் 12 பிஎம். நண்பகல் மருந்து இதில் தவறிப்போவது உண்டு. மேலும், அமெரிக்க முறையில் அமைந்த கைப்பேசியில் 05/06 என்பது மே 6. நம் முறையில் ஜூன் 5. மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதிவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை.

ஒலிக்கும் முறையும் ஓய்ந்துபோகும் செவியும்

'அறிவிப்பு' வேறு, 'அலாரம்' வேறு. அறிவிப்பு ஒருமுறை ஒலித்துவிட்டு, வாட்ஸ்அப் செய்திகளுக்கும் விளம்பரங்களுக்கும் இடையே சென்று அமர்ந்துகொள்ளும். கைப்பேசி ஓசையடக்கிய நிலையில் இருந்தால் ஒலிக்கவே ஒலிக்காது. அலாரம் நாம் நிறுத்தாவிட்டால் சில நிமிடங்களேனும் தொடர்ந்து ஒலிக்கும். பொதுவாக ஓசையடக்கிய நிலையிலும் ஒலிக்கும். 2015இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 6.0 முதல், அசைவின்றிக் கிடக்கும் கைப்பேசியில் பேட்டரியைச் சேமிப்பதற்காகச் செயலிகளின் பின்னணி வேலைகள் தள்ளிவைக்கப்படுகின்றன. அலாரங்களுக்கு விலக்கு உண்டு. மற்ற நினைவூட்டல்கள் தாமதமாகலாம். தவறவே கூடாத மருந்துக்கு அலாரத்தையே வையுங்கள். மருந்துச் செயலியைப் பயன்படுத்தினால், பேட்டரி சேமிப்பிலிருந்து அதற்கு விலக்கு அளியுங்கள்.

எனினும் எல்லாவற்றுக்கும் அலாரம் வைப்பதும் தீர்வாகாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இடைவிடாது ஒலிக்கும் கருவிகளால் பணியாளர்களின் செவி பழகிப்போய், உண்மையான எச்சரிக்கையும் கவனிக்கப்படாமல் போகும் நிலை உண்டு. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குச் சான்றளிக்கும் ஜாயின்ட் கமிஷன், 2014இல் இதைத் தேசிய நோயாளிப் பாதுகாப்பு இலக்குகளுள் ஒன்றாகச் சேர்த்தது. வீட்டில் நாளொன்றுக்குப் பத்து முறை ஒலிக்கும் கைப்பேசிக்கும் இதே நிலைதான். ஒலித்தவுடன் விரல் தானாகவே சென்று அதை ஒதுக்கித் தள்ளிவிடும். மனம் அதை அறிந்திருக்காது. மருத்துவரிடம் கேட்டு, காலை உணவுக்குப் பின், இரவு உணவுக்குப் பின் என மருந்துகளை இரண்டு அல்லது மூன்று வேளைகளாகத் தொகுத்துக்கொள்ளுங்கள். தைராய்டு மாத்திரையைப் போல வெறும் வயிற்றில் தனியே உட்கொள்ள வேண்டியவற்றுக்கு மட்டும் தனி அலாரம் போதும்.

பூட்டிய திரையில் என்ன தோன்றுகிறது என்பதையும் கவனியுங்கள். காசநோய் மருந்து, மனநல மருந்து, குழந்தைப்பேற்றுச் சிகிச்சை ஆகியவற்றின் பெயர் பிறர் கண்ணில் படுவதை ஒருவர் விரும்பாதிருக்கலாம். அச்சத்தால் அலாரத்தையே நீக்கிவிடுவதைவிட, 'காலை வேலை 1' என்பதுபோல் வீட்டார் மட்டும் அறிந்த பெயரை இடுவது நல்லது.

பதிந்து முடித்தபின் ஏழு கேள்விகள்

நோயாளியும் உடனிருந்து கவனிப்பவரும் ஒன்றாக அமர்ந்து, மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இவற்றைச் சரிபாருங்கள்.

1. இது தானே நடக்கும் நிகழ்வா, நாம் செய்ய வேண்டிய பணியா? அதற்கேற்பப் பதிந்திருக்கிறோமா?
2. 'நாள்தோறும்', 'வாரம் ஒருமுறை', '4 வாரத்துக்கு ஒருமுறை' என்பவற்றுள் சீட்டில் இருப்பதே திரையிலும் இருக்கிறதா?
3. அடுத்த இரண்டு மாதங்களை நகர்த்திப் பார்த்தோமா? எல்லா நாட்களும் சரியாகத் தோன்றுகின்றனவா?
4. பதில் அளிக்காவிட்டால் அது மீண்டும் ஒலிக்குமா, மறைந்துவிடுமா? ஒருநாள் வேண்டுமென்றே தொடாமல் விட்டுப் பார்த்தோமா?
5. கைப்பேசி ஓசையடக்கிய நிலையில் இருக்கும்போதும் ஒலிக்கிறதா?
6. மறந்துவிட்டால் செய்ய வேண்டியது குறிப்பில் எழுதப்பட்டிருக்கிறதா?
7. கைப்பேசி பழுதானாலோ பேட்டரி தீர்ந்தாலோ பார்த்துக்கொள்ள, சுவரிலோ மருந்துப் பெட்டியிலோ ஒரு தாள் இருக்கிறதா?

மருந்தின் அளவோ வேளையோ மாறிய நாளிலும், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நாளிலும் இச்சரிபார்ப்பை மீண்டும் செய்யுங்கள். நிறுத்தப்பட்ட மருந்தின் பழைய அலாரம் தொடர்ந்து ஒலிப்பதும், அதை நம்பி அம்மருந்தையே வாங்கி உட்கொள்வதும் நேரக்கூடியவை. புதியதைச் சேர்ப்பதற்கு முன் பழையதை நீக்குங்கள்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, மருந்துச் சீட்டோடு கைப்பேசியையும் மாத்திரைப் பெட்டியையும் கொண்டு வாருங்கள். விடுபட்ட நாட்கள் திரையில் தெரிந்தால் தயங்காமல் காட்டுங்கள். உங்களைக் கடிந்துகொள்வதற்காக நாங்கள் கேட்பதில்லை. மருந்து வேலை செய்யவில்லையா, அல்லது உடலுக்குள் செல்லவே இல்லையா என்பதைப் பிரித்தறிய எங்களுக்கு அக்குறிகள் உதவுகின்றன. அதை அறியாமல் அளவைக் கூட்டி எழுதினால், அம்மருந்தை ஒழுங்காக உட்கொள்ளத் தொடங்கும் நாளில் அதுவே கேடாக முடியும். ஐயம் எதுவாயினும் மருந்தக முகப்பிலுள்ள மருந்தாளுநரிடமோ பிரிவுச் செவிலியரிடமோ கேளுங்கள். பதிவுகளைச் சரிபார்க்கச் சில நிமிடங்களே போதும்.